அப்பத்தாவின் நாலு டேசன்

எங்கள் அப்பத்தாவின் கணக்கில் மொத்தம் நாலு டேசன். மேல் டேசன், நடு டேசன், கீழ் டேசன், ஊர் டேசன். போடிக்காரர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேல் டேசன் என்பது டாப் ஸ்டேஷன். மூணாறு போகிறவர்கள் எல்லாரும் கட்டாயம் போய் செல்ஃபி எடுக்கும் இடம். நடு டேசன், அதற்குக் கீழே மலைச்சரிவில் இருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற சின்னக் குடியிருப்பு. கீழ் டேசன், குரங்கணிப் பக்கம் இருக்கும் கொட்டகுடி. வெள்ளைக்காரன் காலத்தில் அதற்கு பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். ஊர் டேசன், எங்கள் போடிநாயக்கனூர் ரயில் நிலையம்.

இந்த நாலில் ரயில் வந்தது ஊர் டேசனுக்கு மட்டும்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மலை உச்சியில் ஏது ரயில்? ரோப்வே ஓடியதால் டேசன் என்று பெயர் வந்திருக்கும், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். அப்பத்தா மட்டும் விடாமல் சொல்லும். "மேல ஒரு குட்டி ரயிலு ஓடுச்சுடா. எங்கய்யா பாத்திருக்காரு. மழையில போயிருச்சு." மழையில் எப்படி ரயில் போகும் என்று சிரிப்போம்.

நான் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். இருபத்தாறு வருஷம் ஆகிறது. எங்கள் ஊரில் ஏலக்காயும் ஏலம், அதை விற்பதும் ஏலம். வெளியூர்க்காரர்களுக்கு முதலில் குழம்பும், அப்புறம் பழகிவிடும். தொழில் புத்தி என்னவென்றால், வரவும் செலவும் டேலி ஆகவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது. அப்பத்தா சொன்ன கதையிலும் ஒன்று டேலி ஆகவே இல்லை.

அப்பத்தாவின் கதைப்படி, அதன் அய்யா, அதாவது என் அப்பாவின் தாய்வழித் தாத்தா, மாட்டு வண்டிக்காரர். கீழ் டேசனில் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு போய் டேசனில் இறக்குவார். எந்த டேசன்? "போடி டேசன்தான், வேற எது?" என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். இணையத்தில் தேடினாலும் கிட்டத்தட்ட இதையேதான் எழுதியிருக்கிறார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குட்டி ரயில், அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடி, அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் வண்டியில் போடி, போடியிலிருந்து ரயில், அப்புறம் கப்பலில் இங்கிலாந்து. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூணாறு ரயில் 1924-இல் அழிந்துவிட்டது. மதுரை – போடி ரயில் வந்ததோ 1928-இல். நாலு வருஷம் உதைக்கிறது. இரண்டு ரயிலும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததே இல்லை.

இதைப் பேரேட்டில் கண்டுபிடித்திருந்தால் முதலாளி டீ வாங்கிக் கொடுத்திருப்பார். வீட்டில் சொன்னேன், "ரொம்ப முக்கியம்" என்றார்கள். சரி, நாமே போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதை ஒன்று உண்டு. சின்ன வயதில் ஒரு தடவை ஏறியிருக்கிறேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்த 23 பேர் இறந்த பிறகு, வனத்துறையிடம் கேட்காமல் காலை எடுத்து வைக்க முடியாது. முடிந்தாலும் என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. அதனால் பஸ்தான். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் பூப்பாறை, தேவிகுளம், மூணாறு. மூணாறில் இறங்கி வேறு பஸ் பிடித்து இன்னொரு 32 கிலோமீட்டர். வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற மலைக்கு நூறு கிலோமீட்டர் சுற்றிப் போகிறோம்.

மூணாறில் இறங்கியதும் நேராக பழைய ரயில் நிலையத்தைத் தேடிப் போனேன். கட்டடம் இன்னும் இருக்கிறது, இப்போது தேயிலைக் கம்பெனியின் அலுவலகம் என்று படித்திருந்தேன். வாசலில் இருந்த செக்யூரிட்டியிடம், "அண்ணே, இங்கதான ஸ்டேஷன் இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போலீஸ் ஸ்டேஷனா? வண்டி எதுவும் காணாமப் போச்சா?" என்றார். ரயில்வே ஸ்டேஷன் என்றேன். "ஆலுவா போகணும். இல்லேன்னா உங்க போடி." போடிக்காரன் என்று பேச்சிலேயே கண்டுபிடித்துவிட்டார். அவருக்குச் சொந்த ஊர் உத்தமபாளையம் பக்கம். மூணாறில் இது சகஜம். மூன்று, நாலு தலைமுறைக்கு முன்னால் கங்காணிகள் இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் பிடித்து மலையேற்றியதில்தான் அத்தனை தேயிலைத் தோட்டமும் எழுந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஆதலால் உள்ளே விடவில்லை. வெளியிலிருந்து பார்த்தவரையில் அது ஓர் ஆபீஸ், அவ்வளவுதான். எதிரே ரோட்டில் ஜீப்புகள், ஹோம்மேட் சாக்லேட் கடைகள். பிளாட்பாரம் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று சும்மா மனசுக்குள் கோடு போட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கிற தேயிலை அருங்காட்சியகத்தில்தான் கையில் தொடுகிற மாதிரி ஒன்று கிடைத்தது. 2005-இல் திறந்த இடம். எல்லாரும் தேயிலை அரைக்கிற மெஷின் பக்கம் போய்விடுவார்கள். அந்தப் பழைய ரயிலின் இரும்புச் சக்கரம் ஒன்றும் அங்கே வைத்திருக்கிறார்கள். நான் அதன் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். ரயில் சக்கரத்தின் ஓரத்தில், தண்டவாளத்தை விட்டு விலகாமல் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு இருக்கும் அல்லவா? அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தேன். கூடாதுதான். யாரும் பார்க்கவில்லை. "எங்கய்யா பாத்திருக்காரு" என்று அப்பத்தா சொன்னபோது சிரித்தவன் நான். அதற்குத்தான் அந்தத் தொடல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரலாறு. நான் அங்கங்கே படித்துச் சேர்த்துவைத்ததைச் சொல்கிறேன்.

கண்ணன் தேவன் மலைகளை 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்தார். அவரும் கூட்டாளிகளும் காப்பி, சின்கோனா, ஏலக்காய் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தார்கள். ஏ.எச். ஷார்ப் என்பவர் 1880-இல் பார்வதி என்ற இடத்தில் முதலில் தேயிலை நட்டார். அது பிடித்துக்கொண்டது. பிறகு ஃபின்லே கம்பெனி உள்ளே வந்து, 1897-இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவானது. இன்றைக்கு கடையில் வாங்குகிற கண்ணன் தேவன் டீ பாக்கெட்டுக்கு அதுதான் பூர்வீகம்.

தேயிலை விளைந்துவிட்டது. இறக்குவது எப்படி? மூணாறு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தாலும், அந்தக் காலத்தில் அதற்கு வாசல் எங்கள் பக்கம்தான். கிழக்கே இறங்கினால் போடி, சமவெளி, ரயில், தூத்துக்குடித் துறைமுகம். 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு வண்டிப்பாதை வெட்டி, அதன் ஓரமாக ஒரே ஒரு தண்டவாளம் போட்டார்கள். ஆமாம், ஒன்றே ஒன்று. மோனோ ரயில். சென்னையில் மோனோ ரயில் வருகிறது, வருகிறது என்று எத்தனை வருஷம் கேட்டோம்? இங்கே நூற்றிருபது வருஷத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மாடு இழுத்தது.

இது எப்படி ஓடும் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இதற்கு எவிங் முறை என்று பெயர். பெட்டியின் அடியில் இருக்கிற சின்னச் சக்கரங்கள் அந்த ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் உருளும். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க, பக்கவாட்டில் ஒரு கை மாதிரி நீட்டி, அதன் முனையில் ஒரு பெரிய சக்கரம். அது ரோட்டில் உருளும். சுமையில் ஏறக்குறைய எல்லாமே தண்டவாளத்தின்மேல்தான் உட்காரும், ரோட்டுச் சக்கரம் சும்மா தாங்கிப் பிடிப்பதற்கு. சைக்கிள் பழகும் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு குட்டிச் சக்கரம் மாட்டுவார்களே, அந்த மாதிரிதான். மண் ரோட்டில் பாரவண்டி இழுக்கும் மாட்டுக்கு உயிர் போகும். இரும்பின்மேல் இரும்பு உருண்டால் இழுவை குறைவு. அதே மாடு பல மடங்கு பாரம் இழுக்கும். இரண்டு தண்டவாளம் போடுகிற செலவும் மிச்சம்.

இதே முறையில் பட்டியாலா மகாராஜா 1907-இல் ஒன்று போட்டார். அதன் நீராவி என்ஜின் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இன்னும் ஓடுகிற நிலையில் இருக்கிறது. நாடு முழுக்க அதைத்தான் பேசுகிறார்கள். மூணாறு மாடுகள் ஐந்து வருஷம் முந்தி. அதைச் சொல்ல ஆள் இல்லை.

1908-இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, இரண்டு அடி அகலத்தில் நிஜமான குட்டி ரயில்பாதை போட்டார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே என்று பெயர். மூணாறில் கிளம்பி மாட்டுப்பெட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன். மாட்டுப்பெட்டி அணையும் குண்டளை அணையும் அப்போது கிடையாது, அவையெல்லாம் 1940-களிலும் 50-களிலும் வந்தவை. இன்று படகு விடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போனபோது, இந்த ஆற்றங்கரை அப்போது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டு அம்மா என் தோளில் தூங்கிக்கொண்டு வந்தார்.

எல்லாரும் இதை டாய் டிரெயின் என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊட்டி ரயில் மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்குவதற்காகப் போட்ட ரயில் இல்லை இது. பெட்டி பெட்டியாகத் தேயிலை ஏற்றுவதற்குப் போட்டது. பார்க்கச் சின்னதாக இருந்தால் பொம்மை ஆகிவிடுமா?

டாப் ஸ்டேஷனுக்கு வருவோம். நிலப்படி அது நம் தேனி மாவட்டம். போக வேண்டுமென்றால் கேரளா வழியாகத்தான் போகவேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கினால் கேரட், பேஷன் ஃபுரூட், சோளம், மேகி. சீட்டு வாங்கிக்கொண்டு படியில் இறங்கினால் வியூ பாயிண்ட். நான் போனபோது மூடுபனி. முன்னால் நின்ற பையன் அவன் அப்பாவிடம், "ஸ்டேஷன்னு சொன்னீங்க, டிரெயின் எங்கப்பா?" என்று கேட்டான். அவர் போனில் நெட்வொர்க் தேடிக்கொண்டே, "சும்மா பேருதாண்டா" என்றார். என் வாய் சும்மா இருக்கவில்லை. ரயில் இங்கே வந்து நின்றது, தேயிலைப் பெட்டியை இறக்கி ரோப்வேயில் மாட்டினார்கள், அது இந்தப் பள்ளத்தில் தொங்கிக்கொண்டே இறங்கியது என்று கையைக் காட்டிச் சொன்னேன். பையன் பள்ளத்தைப் பார்த்தான். வெள்ளையாகப் பனி. அவன் என்னை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நானும் ஒரு காலத்தில் நம்பவில்லை, அவனைக் குறை சொல்ல முடியாது.

பத்து நிமிஷத்தில் பனி விலகியது. அது அப்படித்தான், திரை போட்டுத் திரை எடுக்கும். கீழே மலை மடிப்பு மடிப்பாக இறங்கி, அந்தக் கடைசியில் குரங்கணிப் பக்கத்துப் பச்சை. இங்கிருந்து ரோப்வே ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளம். நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன். இரும்புக் கம்பங்கள் நட்டு, முடிவில்லாமல் சுற்றிவரும் கம்பி வடம். மேலிருந்து தேயிலை இறங்க, கீழிருந்து அரிசி மூட்டை ஏறும். மலையில் தேயிலை மட்டும்தான் விளையும், தோட்டத்து ஆட்களுக்கு ஒரு பிடி அரிசிகூட கீழேயிருந்துதான் போகவேண்டும். இறங்குகிற பாரம் ஏறுகிற பாரத்தை இழுத்துக்கொள்ளும், அது கிணற்றில் இரண்டு வாளி போட்டு இறைக்கிற கணக்கு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் கீழ் டேசன் இருக்கிறது. நான் பஸ் பிடித்து வீடு போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும். தேயிலைப் பெட்டி என்னைவிடச் சீக்கிரம் இறங்கியிருக்கும்.

இப்போது அந்த டேலி ஆகாத கணக்குக்கு வருகிறேன். ரோப்வேயில் இறங்கிய பெட்டியை என் அப்பாவின் தாத்தா எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்?

பெரியப்பாதான் தீர்த்துவைத்தார். அப்பத்தாவுக்கு மூத்த பிள்ளை. அந்த வண்டிக்காரத் தாத்தாவின் மடியில் வளர்ந்தவர். போன பொங்கலுக்குப் போனபோது தேதிகளைச் சொல்லிக் கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "போடி டேசனுக்கு எதுக்குடா ரெண்டு சோடி மாடு? ஒரு வண்டி சும்மா நடந்தே போயிரலாமே. தாத்தா போனது அம்மையநாயக்கனூரு" என்றார்.

அம்மையநாயக்கனூர் என்றால் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் இருக்கிற இடம். மதுரை – திண்டுக்கல் பாதை 1875-லேயே வந்துவிட்டது. போடிக்கு ரயில் வருகிறவரைக்கும் இந்தப் பக்கத்துக்கே அதுதான் ரயில். எனக்கு அப்படியே டேலி ஆகிவிட்டது. போடியிலிருந்து தேனி, பெரியகுளம், தேவதானப்பட்டி, வத்தலக்குண்டு, அம்மையநாயக்கனூர். எண்பது கிலோமீட்டர் பக்கம் வரும். வெயிலில் மாட்டை ஓட்ட மாட்டார்களாம். பொழுது சாய்ந்ததும் பூட்டினால் விடிகிறவரை நடை. மூன்று ராத்திரி போக, மூன்று ராத்திரி வர. அச்சுக்கு அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். ஏழெட்டு வண்டி வரிசையாகப் போகும். முதல் வண்டிக்காரன் மட்டும் முழித்திருந்தால் போதும், பின்னால் வருகிற மாடுகள் முன் வண்டியின் விளக்கைப் பார்த்து நடக்கும். மற்றவர்கள் பெட்டிமேல் படுத்துத் தூங்குவார்கள். முதல் வண்டி யாருடையது என்பதில் சண்டை வருமாம். யாரும் முதலில் போக விரும்ப மாட்டார்கள்.

"திரும்பி வரும்போது வெறும் வண்டியா வந்தா வாடகையில பாதி போச்சு" என்றார் பெரியப்பா. "அதனால தாத்தா சரக்கு ஏத்தாம அங்கேருந்து கிளம்பவே மாட்டாரு. அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், ஒண்ணுமில்லேன்னா கருவாடு. மாசி மாசம் ஒரு தடவை சும்மா வந்தாராம், அதுக்கு ஒரு வாரம் யார்கூடயும் பேசலையாம்." மேலே ரோப்வேயில் ஏறிய அரிசியில் கொஞ்சம் எங்கள் வீட்டு வண்டியில் வந்தது என்று நினைத்துக்கொண்டேன். நிச்சயம் என்று சொல்ல முடியாது. நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

எங்கள் பரணில் ஒரு தேயிலைப் பெட்டி இருக்கிறது. மெல்லிய பலகை, ஓரம் முழுக்கத் தகர விளிம்பு, உள்ளே அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் ஈயத்தாள். இது தாத்தா வண்டியில் வந்த பெட்டி என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த மாதிரிப் பெட்டிகள் நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோதும் புழக்கத்தில் இருந்தன, காலிப் பெட்டி கடையில் விலைக்குக் கிடைக்கும். அப்பா எப்போதாவது வாங்கிப் போட்டிருப்பார். பழைய பேரேடுகள் அதில்தான் கிடக்கின்றன.

மழைக்கு வருவோம். "மழையில போயிருச்சு" என்று அப்பத்தா சொன்னது 1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099, அதனால் கேரளத்தில் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றே சொல்கிறார்கள். மூணாறில் இன்றும் வயசானவர்களிடம் கேட்டால் தொண்ணூத்தொம்பது என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார்கள். நாட்கணக்கில் விடாத மழை. மாட்டுப்பெட்டிப் பக்கம் மலை சரிந்து, மண்ணும் மரமும் ஆற்றை அடைத்துக்கொண்டு ஏரி மாதிரித் தண்ணீர் தேங்கி, பிறகு அது உடைத்துக்கொண்டு மூணாறுக்குள் பாய்ந்தது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்று மூன்று ஆறு கூடுகிற இடத்தில் ஊர் இருக்கிறது. பெயரே மூணாறு. மூன்றும் ஒரே சமயத்தில் கரை மீறினால் என்ன மிஞ்சும்? ஆற்றோரமாகப் போன தண்டவாளம், பாலங்கள், ஸ்டேஷன்கள் எல்லாம் போயின. ஆலுவாவிலிருந்து மூணாறுக்கு வந்த பழைய சாலையும் போனது.

ரயிலை மறுபடி போடவில்லை. கம்பெனி ரோப்வேயையும் சாலையையும் நம்பிக்கொண்டது. 1931-இல் நேரியமங்கலம் வழியாக ஆலுவாப் பக்கத்துக்குப் புதுச் சாலை வந்தபோது, மூணாறின் வாசல் மெதுவாக மேற்கே திரும்பியது. அதுவரை கிழக்கே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர், கொச்சியைப் பார்க்க ஆரம்பித்தது. ஒரு வெள்ளம் வந்து ஒரு ஊரின் முகத்தையே திருப்பிவைத்தது என்று எனக்குத் தோன்றும். பெரியப்பாவிடம் சொன்னேன். "நம்ம மாட்டுக்கு வேல போச்சுன்னு சொல்லு" என்றார்.

சில வருஷங்களுக்கு முன்னால் மூணாறு ரயிலை மறுபடி விடப்போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. டூரிஸ்டுகளுக்காக. வந்தால் அப்போது டாய் டிரெயின் என்று சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நாலு டேசனில் ஊர் டேசன் மட்டும் பாக்கி. அதன் கதையும் சுத்தமில்லை. 1928-இல் மீட்டர் கேஜில் ரயில் வந்தது. ஏலக்காய் வாசனைக்காகவே வந்த ரயில் என்று பெருமையாகச் சொல்வோம். இரண்டாம் உலகப் போர் வந்ததும், இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பத்தா அப்போது சின்னப் பெண். தண்டவாளம் எடுத்த இடத்தில் ஜல்லி பொறுக்கி விளையாடியதாகச் சொல்லும். 1950-களில் மறுபடி போட்டார்கள். நான் ஓட்டைச் சட்டையோடு மதுரைக்குப் போனது அந்த ரயிலில்தான். பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று தெரிந்தும் ஏறுவோம், ஆண்டிபட்டிக் கணவாயில் அது மூச்சு வாங்கி ஏறுவதைப் பார்க்க. 2010 கடைசியில் அகலப்பாதை ஆக்குகிறோம் என்று நிறுத்தினார்கள். இரண்டு, மூன்று வருஷம் என்றார்கள். தேனி வரை வரவே 2022 மே ஆகிவிட்டது. போடிக்கு 2023 ஜூன் 15. நடுவில் பன்னிரண்டு வருஷம் ஸ்டேஷனில் ஆடு மேய்ந்தது. அப்பத்தா 2016-இல் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊர் டேசன் மூடியிருக்கும்போது பிறந்த என் மகள், ரயில் என்றால் மதுரைக்குப் போய்ப் பார்க்கிற ஒன்று என்றே வளர்ந்தாள்.

ரயில் வந்த அன்று ஊரே ஸ்டேஷனில் இருந்தது. மாலை, மேளம், கொடி, பட்டாசு. பெரியப்பா வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கூட்டத்தில் ஒதுங்கி ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைத்தேன். சென்னை ரயில் நின்றது, வாரத்துக்கு மூன்று நாள். எல்லாரும் என்ஜின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர் வண்டியின் நீளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"கூட்ஸ் வண்டி எப்ப வரும்?"

"இது பயணிகள் வண்டிதான் பெரியப்பா."

"தேயிலை ஏத்த மாட்டாங்களா?"

"தேயிலையெல்லாம் இப்ப லாரியில கொச்சிக்குப் போகுது. அங்கதான் ஏலம்."

கொஞ்ச நேரம் யோசித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"அப்ப நமக்கு வாடகை கெடையாது. வா போவோம்."